வெட்டின புல்லில் வெள்ளோட்டம்

கண்டக்டருக்குத் தன் மாப்பிள்ளையைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. நம்பமாட்டார், அவ்வளவுதான். பிடிப்பது வேறு, நம்புவது வேறு. பஸ்ஸில் அவர் வேலை பார்த்த காலமெல்லாம் நல்லா சிரித்துப் பேசுகிறவன்தான் டிக்கெட் எடுக்காமல் இறங்கியிருக்கிறான். மாப்பிள்ளையும் நல்லா சிரித்துப் பேசுகிறவர். போதாததற்கு, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கைக்குட்டைக்குக்கூட இஸ்திரி போடுவார். கர்ச்சீப்புக்கு இஸ்திரி போடுகிற ஆம்பளை எதையோ மறைக்கிறான் என்பது கண்டக்டரின் கட்சி. மகளிடம் பேசும்போது "மாப்பிள்ளை" என்பார், மனசுக்குள் "இஸ்திரிப்பெட்டி"தான்.

கண்ணில் புரை எடுத்த பிறகு, டாக்டர் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கட்டும் என்று மகள்தான் அவரைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். கீழே கடை, மேலே வீடு. ஒரு பக்கம் மருந்துக்கடை, இன்னொரு பக்கம் ரொட்டிக்கடை, நடுவில் இவர்களுடைய தோட்டச் சாமான் கடை. மண்வெட்டி, சருகு வாரி, பூவாளி, ரப்பர் குழாய் எல்லாம் உண்டு. ஆனால் கடை ஓடுவது அதனால் இல்லை. வாசலில் பச்சைப் பலகை ஒன்று தொங்கியது. பேட்டரியில் ஓடும் புல்வெட்டும் மெஷினுக்கு இந்தப் பகுதிக்கே இவர்கள்தான் ஏஜென்சி. அந்தப் பலகையை நம்பித்தான் மகள் தன் வேலையை விட்டாள், வேன் வாங்கினாள். வேனை ஓட்டுவதும் அவள்தான். மாப்பிள்ளைக்கு ஸ்டியரிங்கைக் கண்டாலே வேர்க்கும்.

கண்டக்டர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வேலை ஒன்றும் இல்லை. வருகிறவன் போகிறவனைப் பார்ப்பதுதான். அதில் அவர் பழகினவர்.

வந்தவர்களில் பாதிப் பேர் வாங்க வரவில்லை. திருப்பிக் கொடுக்க வந்தார்கள்.

முதலில் வந்தது ஒரு நர்ஸம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பார்த்து ஓய்வுபெற்றவர். மயங்கி விழுந்த ஆளைத் தூக்கி வருகிற மாதிரி மெஷினை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்து, கல்லா மேஜை மேலேயே கிடத்தினார்.

"தம்பி, இதுக்கு நாடி இல்லை."

"என்ன ஆச்சுங்கம்மா?"

"என்ன ஆகணும்? ராத்திரி பூரா சார்ஜ் போட்டேன். ஒரு பெட்ஷீட் விரிக்கிற இடம் வெட்டுச்சு. அப்புறம் முனகுச்சு, நின்னுடுச்சு. இதைத் தள்ளின நேரத்துக்கு எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சு உருட்டிவிட்டிருந்தா புல்லு தானா படுத்திருக்கும்."

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மெஷினைப் பதமாகத் தூக்கி, "வாங்கம்மா, பின்னாடி போட்டுப் பார்த்துடலாம்" என்றார்.

கடைக்குப் பின்னால் ஒரு புல்தரை. நாலு வேன் நிறுத்தலாம், அவ்வளவு இடம். வாங்க வருகிறவர்களுக்கு மெஷினை ஓட்டிக் காட்டுவது அங்கேதான். அந்தப் புல்லைப் பார்த்தால் புல் மாதிரியே இருக்காது. மிலிட்டரிக்காரன் தலை மாதிரி ஒட்டக் கத்தரித்து, ஒரு மயிர் நீட்டிக்கொண்டிருக்காது. மாப்பிள்ளை சார்ஜ் ஏறின பேட்டரி ஒன்றை மாட்டினார், பொத்தானை அழுத்தினார். நாடி இல்லாத அதே மெஷின் வழுக்கிக்கொண்டு போனது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. சத்தம்கூட இல்லை.

நர்ஸம்மா மோவாயில் கையை வைத்துக்கொண்டார். "இங்க ஓடுது. எங்க வீட்டுல மட்டும் அதுக்கு என்ன வந்துச்சு?"

"சார்ஜர்ல பச்சை லைட்டு வந்தப்புறம்தானே எடுத்தீங்க?"

"வந்துச்சே."

"இன்னொரு பேட்டரி தர்றேன், எடுத்துட்டுப் போங்க. ஓடலைன்னா நானே வந்து பார்க்கிறேன்."

நர்ஸம்மா தன் மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு மெஷினைத் தூக்கிப் போனார். இது நடந்தபடியே இருந்தது. ஒரு தையல்காரர் வேலிச்செடி கத்தரிக்கிற மெஷினைக் கொண்டுவந்தார். அதன் பொத்தானை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால்தான் ஓடும், கை எடுத்தால் நின்றுவிடும். "ரெண்டு கையும் பொத்தான்ல இருந்தா மெஷினை எதால பிடிக்கிறது, பல்லாலயா?" என்று கேட்டார். இன்னொருத்தர் சருகு ஊதுகிற மெஷினைக் கொண்டுவந்து, "இதைவிட நான் நல்லா ஊதுவேன்" என்று ஊதியே காட்டினார். ஒரு கிளை நறுக்கும் கத்தரியின் ஸ்பிரிங் முதல் நறுக்கிலேயே துள்ளிப் போய்ப் பக்கத்து வீட்டுக்குள் விழுந்ததாம். இதையெல்லாம் செய்கிறவன் ஆயுசில் ஒரு செடியைத் தொட்டிருப்பானா என்று தெரியவில்லை. பெட்டியை மட்டும் அழகாகச் செய்திருந்தான். பெட்டியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஒரு கையால் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

புல்வெட்டும் மெஷின் எது வந்தாலும் மாப்பிள்ளை பின்னால் கொண்டுபோய் ஓட்டுவார். அது ஓடும். கொண்டுவந்தவர் தலையைச் சொறிவார்.

கண்டக்டர் ஸ்டூலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கேயோ இடித்தது. அங்கே படுத்துக்கிடக்கிற மெஷின் இங்கே எப்படி எழுந்து ஓடுகிறது? இதில் ஒரு வேலை இருக்கிறது.

அவருக்குப் பிடிபட்டது ஒரு சாயங்காலம். மேலே அவர் படுக்கும் அறையின் ஜன்னல் பின்பக்கம் பார்த்தது. தினமும் கடையைச் சாத்தினதும் மாப்பிள்ளை முழங்கால் வரை பேன்ட்டை மடித்துவிட்டு, பழைய பெட்ரோல் மெஷினை எடுத்து, கயிற்றை இழுத்து ஓட்டுவார். அது அவர் கடை ஆரம்பித்த காலத்தில் வாங்கினது, இரும்பு, கழுதைக் கனம். புல்தரை முழுக்க ஒரு தடவை வெட்டிவிட்டு, ஓரத்தைக் கத்தரியால் சீவிவிட்டு, பெருக்கி, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் மேலே வருவார். கண்டக்டர் அதை வந்த நாளிலிருந்து பார்க்கிறார். சுத்தக்காரன், அந்த இஸ்திரிப் புத்தி என்றுதான் நினைத்திருந்தார். அன்றைக்குத்தான் கையிலிருந்த டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார்.

அடப்பாவி. முதல் நாள் சாயங்காலம் வெட்டின புல்லைத்தான் மறுநாள் வெட்டிக் காட்டுகிறான்! அதில் வெட்ட என்ன இருக்கிறது? மெஷின் சும்மா மேலே உருண்டு போகிறது. உருளுகிறதற்குப் பேட்டரி எதற்கு?

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடிக்காமலே இறங்கினார்.

"மாப்பிள்ளே, மெஷினை நிறுத்துங்க."

மாப்பிள்ளை நிறுத்தினார். "என்ன மாமா, சத்தமா இருக்கா?"

"சத்தம் கிடக்குது. இங்க யாருக்குக் காதுல பூ சுத்துறீங்க?"

"புரியலையே மாமா."

"புரியாது. ஊருல இருக்கிறவன் எல்லாம் ஓடலை ஓடலைன்னு தூக்கிட்டு வர்றான். நீங்க இங்க ஓட்டிக் காட்டுறீங்க. ஓடாம என்ன செய்யும்? நீங்கதான் பெட்ரோல் மெஷின்ல மொட்டை அடிச்சு வெச்சிருக்கீங்களே! மொட்டைத் தலையில சீப்பு சிக்குமா?"

அடுத்து என்ன வரும் என்று கண்டக்டருக்குத் தெரியும். அகப்பட்டவன் முதலில் சிரிப்பான், பிறகு எகிறுவான், பிறகு காலில் விழுவான். மூன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார்.

மாப்பிள்ளை மூன்றில் ஒன்றும் செய்யவில்லை. புல்லைப் பார்த்தார். குனிந்து உள்ளங்கையை அதன் மேல் வைத்துத் தடவினார். பெட்ரோல் மெஷினைப் பார்த்தார். மறுபடி புல்லைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மாமா," என்றார். "வெட்டின புல்லையா நான் இத்தனை நாளா வெட்டிக் காமிச்சேன்?"

"என்னைக் கேட்டா?"

"கடைக்குப் பின்னாடி குப்பையா கிடந்தா யாரு நம்மகிட்ட தோட்டச் சாமான் வாங்குவாங்கன்னு வெட்டிட்டு இருந்தேன் மாமா. அதான் பழக்கம். இது தோணவே இல்லை எனக்கு."

நல்லா நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு கண்டக்டர் மேலே போய்விட்டார். ஆனால் அன்றைக்கு மாப்பிள்ளை பாதி வெட்டின புல்லை அப்படியே விட்டுவிட்டு வந்ததையும் பார்த்தார். மீதிப் பாதி நகத்தளவுகூட நீண்டிருக்காது. இருந்தாலும் அந்த மனுஷன் ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அவர் பார்த்ததில்லை.

மறுநாளும் வெட்டவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இரண்டு மழை பெய்தது. புல் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்கியது. மெஷின் வாங்க வந்தவர்களிடம் மாப்பிள்ளை, "கொஞ்ச நாள் பொறுங்க, நான் ஒண்ணு பார்க்க வேண்டியிருக்கு" என்று அனுப்பிவிட்டு, வாரியும் குழாயும் மட்டும் விற்றார். சனிக்கிழமை கணுக்கால் மறைகிற அளவுக்குப் புல் வந்ததும் கடையிலேயே புதுசாக ஒரு பெட்டியைப் பிரித்து, பேட்டரி மாட்டி இறங்கினார். பெட்ஷீட் அளவு வெட்டியது. முனகியது. நின்றது. இன்னொரு பெட்டியைப் பிரித்தார். அதுவும் முனகியது. மூன்றாவதில் சக்கரத்தைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் காது பொட்டென்று ஒடிந்தது.

மாடியிலிருந்து மகள், "எல்லாப் பெட்டியையும் பிரிச்சுடாதீங்க, தெரிஞ்சு போச்சுல்ல" என்றாள்.

"தெரிஞ்சு போச்சு," என்றார் மாப்பிள்ளை.

நடிப்பு நீண்டுகொண்டே போகிறதே என்று கண்டக்டருக்கு ஆச்சரியம். இவ்வளவு நாள் யாருக்காக நடிக்க வேண்டும்? பார்க்கிறது தான் ஒருத்தன்தானே.

திங்கட்கிழமை பெட்ரோல் மெஷினை வேனில் ஏற்றினார்கள். எங்கே என்று கேட்டார்.

"மெஷின் வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம்," என்றாள் மகள். "கம்பெனி திருப்பி எடுத்துக்கிற வரைக்கும் அவங்க புல்லை இவரே வெட்டித் தர்றதாம். நான் டிரைவர். நீங்க வர்றதா இருந்தா பின்னாடி உக்காருங்கப்பா. மெஷினைப் பிடிச்சுக்கலாம்."

"நான் எதுக்கு?"

"எதுக்குன்னு கேட்டுட்டே செருப்பை மாட்டுறீங்களே."

ஏறிக்கொண்டார். அங்கே போய் என்ன பேசுகிறான் என்று காதால் கேட்டுவிட வேண்டும்.

நர்ஸம்மா வீடுதான் முதலில். கதவைத் திறந்ததும் அவர் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளையே சொல்லிவிட்டார். "அம்மா, உங்க மேல தப்பு இல்லை. சார்ஜர் மேலயும் இல்லை. நான்தான் உங்களுக்கு வெட்டின புல்லுல ஓட்டிக் காமிச்சுட்டேன். தெரியாமத்தான் செஞ்சேன். ஆனாலும் செஞ்சது நான்தான். கம்பெனிக்கு எழுதியிருக்கேன். அதுவரைக்கும் உங்க புல்லு என் பொறுப்பு."

நர்ஸம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "தெரியாம ஊசி மாத்திப் போட்டா எங்க வார்டுல சும்மா விடமாட்டோம், தம்பி."

"விடாதீங்கம்மா. புல்லை மட்டும் வெட்டிடறேன், அப்புறம் திட்டுங்க."

திட்டினார். அவர் வெட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னாலேயே நடந்து திட்டினார். பெட்ரோல் மெஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்காத பாதியை மெஷினை நிறுத்தினதும் மறுபடி சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தரவில்லை. மாப்பிள்ளை ஓரம் சீவி, பெருக்கி, வெட்டின புல்லைச் சாக்கில் கட்டி வேனில் போட்டுக்கொண்டு, "அடுத்த வாரம் இதே நாள் வர்றேம்மா" என்றார். அந்தச் சட்டை முதுகோடு ஒட்டிப்போய் ஆயிரம் சுருக்கம். கண்டக்டர் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

தையல்காரர் வீடு. சருகு ஊதினவர் வீடு. இரண்டு பேரும் புல்வெட்டும் மெஷினும் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சு, ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆளுக்கு ஒரு மாதிரி பேசுகிறவனைத்தான் மடக்க முடியும். எல்லாரிடமும் ஒரே மாதிரி பேசுகிறவனை என்ன செய்வது? கண்டக்டர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மாப்பிள்ளை தட்டின் பக்கம் தண்ணீர்ச் செம்பைத் தானாக நகர்த்திவைத்தார். நம்பிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. வேலை செய்தவனுக்குத் தாகம் இருக்கும்.

கம்பெனி ஆள் வந்தது அதற்குப் பிறகுதான். எழுதினதற்குப் பதில் எழுதாமல் நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளக்கிற ஷூ, கையில் புது மாடல் மெஷின். இரண்டு பேட்டரி போடுகிற மாதிரியாம். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் செயலாளரம்மாவை மாலையில் கடைக்கு வரச்சொல்லியிருந்தார். கட்டடங்களுக்கு நடுவே எல்லாம் புல்தரை. எல்லாவற்றுக்கும் மெஷின் வாங்கப்போகிறார்கள். அந்த ஆர்டர் வந்தால் பச்சைப் பலகை இங்கேயே இருக்கும். வராவிட்டால் தெருக்கோடியில் இன்னொரு கடை கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

மாப்பிள்ளை நாற்காலி வாடகைக்கு எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஆள் பின்பக்கம் வந்தார். புல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன பெரியவரே, காடா வளர்த்து வெச்சிருக்கீங்க? இதுல எப்படி ஓட்டிக் காட்டறது?"

"புல்லு வெட்டற மெஷின்தானே?" என்றார் கண்டக்டர்.

"அது சரி. ஆனா காட்டற இடம் முதல் நாளே வெட்டி இருக்கணும். எல்லாக் கடைக்கும் நாங்க சொல்றதுதான். இவருக்குச் சொல்லவே வேண்டி இருந்ததில்லை, அவரே சுத்தமா வெச்சிருப்பார். அதுக்காகத்தானே ஏஜென்சி குடுத்தோம்."

கண்டக்டர் அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். இதோ நிற்கிறான், தெரிந்து செய்கிறவன். இப்படித்தான் இருப்பான். வெட்கமே இல்லாமல், ஷூவில் மண் படாமல். இவன் முகத்தைத்தான் இத்தனை நாளும் மாப்பிள்ளை முகத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

"பெரியவரே, அந்தப் பெட்ரோல் மெஷின் சும்மாதானே நிக்குது. நீங்க ஒரு ஓட்டு ஓட்டிடுங்க. என் சட்டையைப் பாருங்க, நான் ஓட்ட முடியாது. உங்க பொண்ணு பிழைப்புங்க இது. பலகை போச்சுன்னா கடையில என்ன இருக்கு? நாலு மண்வெட்டி."

மகள் பேச்சை எடுத்தவுடன் கண்டக்டருக்கு அவள் வேலையை விட்டது நினைவுக்கு வந்தது. வேன் நினைவுக்கு வந்தது. நியாயம் பேசுகிறவர்கள் பேசட்டும். பெண்ணைப் பெற்றவனுக்கு அது தள்ளித்தான் நிற்கும். போய்க் கயிற்றைப் பிடித்தார். இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது, சனியன். நல்ல மெஷின் அது. ஓரமாக ஒரு வரிசை, அந்தக் கோடிவரை, போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்பும்போது மேலே ஜன்னலில் மகள்.

"அப்பா!"

அவ்வளவுதான் சொன்னாள். கண்டக்டர் மெஷினை அணைத்தார். ஆயுசு பூரா எத்தனையோ பேரை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறார். அவர்கள் எப்படி நின்றிருப்பார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை இரண்டு தோளிலும் நாற்காலியை மாட்டிக்கொண்டு வந்தார். வெட்டின வரிசையைப் பார்த்தார். மெஷின் பக்கத்தில் நிற்கிற மாமனாரைப் பார்த்தார். கண்டக்டர் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றார். நியாயமாகப் பார்த்தால் பதிலுக்குக் காதில் பூ சுற்றின கதையைக் கேட்டிருக்க வேண்டும்.

"மாமா, உங்களுக்கு மூச்சு வாங்குது," என்றார் மாப்பிள்ளை. ஒரு நாற்காலியை விரித்து நிழலில் போட்டார். "உக்காருங்க."

அதற்குப் பேசாமல் ஓர் அறை விட்டிருக்கலாம்.

செயலாளரம்மா வந்தார். கூட இரண்டு பேர். கட்டைக்குரல், சிரிக்கத் தெரியாத முகம், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பார்வை. கம்பெனி ஆள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே, நேராகப் புது மெஷினைக் கண்டக்டர் வெட்டின வரிசையில் கொண்டுபோய் வைத்தார். பேச்சில் ஒரு தடங்கல்கூட இல்லை. தொழிலில் கெட்டிக்காரன்தான்.

"அங்க வேண்டாம்," என்றார் மாப்பிள்ளை.

"எங்க வெச்சா என்ன சார்?"

"அது இப்பத்தான் வெட்டினது. அங்க எது வெச்சாலும் ஓடும். துடைப்பத்தை வெச்சாலும் ஓடும்." செயலாளரம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க குடியிருப்புல புல்லை எத்தனை நாளைக்கு ஒரு தடவை வெட்டுவீங்க?"

"ஆள் கிடைக்கிறப்போ."

"அப்ப இந்த உயரம் இருக்குமா?"

"இதைவிடக் கூடவே இருக்கும்."

மாப்பிள்ளை மெஷினைத் தூக்கி நெடும்புல்லில் வைத்தார். கம்பெனி ஆள் அவர் காதோடு, "சார், பலகை..." என்றார். சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார்.

போனது. நல்ல வேகமாகவே போனது. பழைய மாடலைவிடக் கொஞ்சம் கூடப் போனது என்றுகூடச் சொல்லலாம். கண்டக்டர் நாற்காலி நுனிக்கு வந்தார். ஓடித் தொலையேன் என்று ஒரு மனசு. நின்று தொலையேன் என்று இன்னொரு மனசு. இது எந்த ஊர் நியாயம் என்று அவருக்கே விளங்கவில்லை. பாதித் தரை போனதும் முனகல் ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு மினுக்கியது. நின்றது.

"ஈரப்புல்லுங்க," என்றார் கம்பெனி ஆள். "ஈரத்துல எந்த மெஷினா இருந்தாலும்..."

செயலாளரம்மா செருப்பைக் கழற்றி வெறுங்காலைப் புல்லில் வைத்துப் பார்த்தார். "காஞ்சுதான் இருக்கு."

"சூடாயிருக்கும். ஒரு நிமிஷம் ஆறட்டும்."

ஆறியது. மறுபடி அழுத்தினார்கள். ஒரு அடி போனது, முன்சக்கரம் ஒருபக்கமாக மடங்கிக்கொண்டது. கூட வந்த இரண்டு பேரில் ஒருவர், "படுத்துக்கிச்சு" என்றார்.

செயலாளரம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார். "ஏன்ப்பா, விக்கிறவன் நீ. உன் வீட்டுக்கு இதை வாங்குவியா?"

"இது என் வீட்டுப் புல்லுதாம்மா. இதுக்கே ஓடலை."

செயலாளரம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த முகத்தில் சிரிப்பு வருமா என்று பார்த்தால் வரவில்லை. ஆனால் போகும்போது மாப்பிள்ளைக்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் கம்பெனி ஆளின் சிரிப்பு கழன்றது. "நாளைக்குப் பலகையைக் கழட்ட ஆள் வருவான்."

"வரட்டும். ஏணி நான் தர்றேன்," என்றார் மாப்பிள்ளை. "வர்ற ஆளை வண்டியோட அனுப்புங்க. நான் வித்த மெஷின் எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கணும். வாங்கினவங்களுக்குப் பணத்தை முழுசா திருப்பிக் கொடுக்கணும்."

"அதெல்லாம் கம்பெனி வழக்கம் இல்லை."

"சரி. அப்ப வாராவாரம் இதே நாற்காலி எல்லாம் போடுறேன். வாங்கினவங்க, வாங்கப்போறவங்க எல்லாரையும் கூப்பிட்டு, இதே புல்லுல இதே மெஷினை ஓட்டிக் காட்டறேன். காசு வாங்காமத்தான். பேச்சே இருக்காது, மெஷின் மட்டும்."

"மிரட்டறீங்களா?"

மாடிப்படியில் இறங்கி வந்த மகள், "இல்லீங்க, ஓட்டிக் காட்டறார்" என்றாள். "அதுக்குத்தானே ஏஜென்சி குடுத்தீங்க."

கம்பெனி ஆள் போனில் யாரிடமோ வெகுநேரம் பேசினார். பேசும்போது ஷூ புல்லுக்குள் போனதைக் கவனிக்கவில்லை. கடைசியில், "அனுப்பறேன்" என்றார். மடங்கின மெஷினைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கண்டக்டருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எழுந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை, "மாமா, வைங்க, நான் எடுக்கிறேன்" என்றார். கண்டக்டர் விடவில்லை. மடக்கினதையெல்லாம் தோளில் மாட்டிக்கொண்டு, தெரு வழியே, மூச்சு வாங்க, வாடகைக் கடைவரை நடந்தே கொண்டுபோய்ச் சேர்த்தார். கடைக்காரன், "யாரு ஐயா நீங்க?" என்று கேட்டான்.

"அந்தத் தோட்டச் சாமான் கடைக்காரரோட மாமனார்," என்றார். கேட்காத இரண்டு பேர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

பலகை மறுநாளே போனது. வண்டி வந்து சேர இழுத்தடித்தது, ஆனால் வந்தது. நர்ஸம்மா கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இனிமேல் யார் வெட்டுவது என்று அதற்கும் ஒரு திட்டுத் திட்டினார். செயலாளரம்மா வேறெங்கோ பெட்ரோல் மெஷினாக வாங்கிக்கொண்டார் என்று கேள்வி. அதில் இவர்களுக்கு ஒன்றும் இல்லை. கடையில் கூட்டம் குறைந்தது. மகள் வேனை வாரத்தில் பாதி நாள் ரொட்டிக்கடைக்கு ஓட்டினாள். முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் கண்டக்டர் மெதுவாக, "கஷ்டமா இருக்காம்மா?" என்றார். "இருக்கு," என்றாள். "ஆனா தூங்கறார்ப்பா. நடுவுல தூங்காம இருந்தார்."

டாக்டர் கண்ணைப் பார்த்து ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். கண்டக்டர் போகவில்லை. இங்கே ஒரு வேலை இருக்கிறது என்றார்.

வேறொரு கம்பெனிக்காரன் போன வாரம் வந்தான். இளவட்டம், கழுத்தில் டை, கையில் வழுவழு காகிதத்தில் படம். கடையின் பெயரைக் கேள்விப்பட்டு ஏஜென்சி கொடுக்க வந்திருக்கிறானாம். மாப்பிள்ளை உள்ளே பூவாளி அடுக்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் ஸ்டூலை விட்டு எழுந்து, அவன் படத்தை விரிக்குமுன்பே கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

"எங்க சார் கூட்டிட்டுப் போறீங்க? நான் சொல்ல வந்தது என்னன்னா, இதுல மோட்டார் வந்து..."

"பேசாதே தம்பி," என்றார் கண்டக்டர். முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்ற புல்லைக் காட்டினார். "இங்க பேசினா எங்க மாப்பிள்ளைக்குப் பிடிக்காது. புல்லுல விடு."